தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு

ஏழு மணிக்குக் கூட்டம் என்றால் நான் ஏழு மணிக்கே தொடங்கிவிடுவேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட ஏழு ஐந்து ஆனதில்லை. பனிப்புயல் அடிக்கும் என்று வானொலி சொன்னால், முதல் நாளே வாரிய உறுப்பினர்கள் ஆறு பேருக்கும் தொலைபேசி போட்டு, யார் யாருடைய வண்டியில் வர வேண்டும் என்று நானே ஏற்பாடு செய்துவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, சார்ஜென்ட். ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். ஆரம்பம் இதுதான். நான் ஒழுங்கானவள்.

மார்லிஸ் டூர்க்ஸன், வயது அறுபத்தாறு. லார்ச் கிராஸிங் பள்ளி வாரியத்தின் தலைவர். இப்போது முன்னாள் தலைவர் என்று எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி ஊரில் கேட்டிருப்பீர்கள். கடுமையானவள் என்று சொல்லியிருப்பார்கள். பேருந்து எந்தப் பண்ணை வாசலில் நிற்க வேண்டும், எந்தப் பள்ளியை மூட வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவள் எல்லோருக்கும் இனிமையாக இருக்க முடியாது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். முதல் தடவை மட்டும்தான் ஒருவர் என்னை எதிர்த்து நின்றார். அதற்குப் பிறகு யாரும் மனுவே போடவில்லை. போட்டியின்றித் தேர்வு என்று பத்திரிகையில் ஒரு வரி வரும். அந்த வரியை நான் வெட்டி வைப்பதில்லை. ஆனால் படிப்பேன்.

கோலெட் பெரோ எனக்கு அரசியல் வழியாகப் பழக்கமானவள் இல்லை. என் கணவர் ஹார்வி இறப்பதற்கு முன் படுக்கையில் விழுந்த அந்தக் குளிர்காலம், நான்கு மாதம், தினமும் காலையில் வீட்டுக்கு வந்த நர்ஸ் அவள். ஹார்வியின் உடம்பைத் துடைப்பாள், புரட்டிப் போடுவாள், புண்ணுக்கு மருந்து வைப்பாள். வேலை செய்துகொண்டே ஏதாவது பேசுவாள். அவரும் பதிலுக்குச் சிரிப்பார். என்னிடம் அவர் சிரித்து அப்போதே வெகுநாள் ஆகியிருந்தது.

ஒருநாள் துணி துவைக்கிற அறையில் நான் தனியாக நின்று ஒன்று சொல்லிவிட்டேன். சீக்கிரம் முடிந்தால் தேவலை என்றோ என்னவோ. பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். என் தோளில் கை வைத்தாள்.

"எல்லாரும் நெனக்கிறதுதான், மார்லிஸ். வாய் விட்டு சொல்லிட்டீங்க, அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அன்பாகத்தான் சொன்னாள். அவள் அதை ஊரில் யாரிடமும் சொன்னதாக எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அஞ்சலகத்தில், மளிகைக் கடையில், எங்கே பார்த்தாலும் அவள் கண்ணில் அந்த அறை தெரியும். அவள் தலையை லேசாகச் சாய்த்து, "எப்படி இருக்கீங்க?" என்பாள். நலமாக இருக்கிறேன் என்பேன். என்னை மன்னித்துவிட்டது போலப் பார்க்கிற ஆள் ஒருத்தி ஊரில் இருப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

இனி பள்ளி அறைக்கு வருகிறேன். நீங்கள் கேட்க வந்தது அதைப் பற்றித்தான்.

தொடக்கப் பள்ளிக்குப் பின்னால், மைதானத்து ஓரமாகத் தனியாக நிற்கிற ஒற்றை அறை. மூடிவிட்ட வேறொரு பள்ளியிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வைத்தது. நாங்கள் பெட்டியறை என்போம். முதல் வகுப்பு அங்கேதான். அதை நான்தான் கொண்டுவந்தேன். முதல் வகுப்புக் குழந்தைகளைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று மற்ற ஆறு பேரும் சொன்னபோது நான் ஒருத்தி எதிர்த்து நின்று ஜெயித்தேன். ஆறு வயதுக் குழந்தைகள் பனியில் நாற்பது நிமிடம் பேருந்தில் போகக் கூடாது என்றேன். கதவுக்குப் பக்கத்தில் என் பெயர் போட்ட ஒரு தகடு இருக்கிறது. இப்போது இருக்கிறதோ என்னவோ.

ஆகஸ்டில் அந்த அறையின் எரிவாயு ஹீட்டரைச் சோதித்தவர் ஒரு கடிதம் அனுப்பினார். வால்டர் நைகார்ட் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். வால்டர் எங்கள் பள்ளிகளின் கண்காணிப்பாளர். வாரியம் வேலைக்கு வைத்த ஆள். நல்லவர், முதுகெலும்பு மட்டும் கொஞ்சம் மென்மை.

"உள் தகட்டுல விரிசல்னு எழுதியிருக்கான், மார்லிஸ். மாத்தாம ஓட்டினா புகை அறைக்குள்ள வரும்னு சொல்றான். செப்டம்பர் கூட்டத்துல இத வைக்கணும்."

"குளிர் எப்ப ஆரம்பிக்கும், வால்டர்?"

"அக்டோபர் கடைசி. சில வருஷம் அதுக்கும் முன்னாடி."

"தேர்தல் எப்ப?"

அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் சர்க்கரை போடுவதில்லை.

நான் அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மறைக்கவும் இல்லை. நவம்பர் கூட்டத்தின் மூடிய அமர்வில் பேச வேண்டியவை என்ற பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்த்தேன். அதைச் செய்யத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா, பட்டியல் அப்படியே இருக்கிறது.

செப்டம்பரில் கோலெட் மனுத் தாக்கல் செய்தாள். என் தொகுதியில், எனக்கு எதிராக. ஊர் முழுக்க மஞ்சள் பலகைகள் முளைத்தன. 'கேட்டால் பதில் வரணும்' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான் அவள் கொள்கை. வாரியம் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறது, கேட்டால் சொல்வதில்லை, கேட்டவரைத் தொல்லை பிடித்தவர் என்கிறது. இதை வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். போகிற வீட்டில் பாதிப் பேரின் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அவள் ஏற்கனவே கட்டுப் போட்டிருந்தாள். அவளுக்குக் கதவு தட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஹீட்டர் விஷயம் அவளுக்கு ஆண்டன் மூலமாகத்தான் போயிருக்க வேண்டும். ஆண்டன் மாஸூர் பள்ளியின் துப்புரவு, பராமரிப்பு எல்லாம் பார்க்கிறவர். சோதித்தவருக்கு ஏணி பிடித்தவர் அவர்தான். அக்டோபர் முதல் வாரத்தில் இரண்டு நாள் காலையில் குளிர் இருந்தது, ஹீட்டர் கொஞ்ச நேரம் ஓடியது. அந்த இரண்டு நாளும் மூன்று குழந்தைகளுக்குத் தலைவலி என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். குழந்தைகளுக்குத் தலைவலி வரும். அக்டோபரில் சளி பிடிக்கும்.

வேட்பாளர் கூட்டம், பனிக்கட்டித் தரையில் கல் தள்ளி விளையாடுகிற கர்லிங் அரங்கத்தின் மேல்மாடியில் நடந்தது. தேவாலயத்துப் பெண்கள் உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை போட்டார்கள், கூட்டம் நூற்றைம்பதைத் தாண்டியது. பள்ளி வாரியத் தேர்தலுக்கு நூற்றைம்பது பேர் வந்ததை நான் பார்த்ததே இல்லை. கோலெட் கையில் காகிதம்கூட வைத்துக்கொள்ளவில்லை.

"ஒரே ஒரு கேள்வி, மார்லிஸ். பெட்டியறை ஹீட்டர் பத்தி ஆகஸ்டுல ஒரு கடிதம் வந்துச்சா, இல்லையா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க போதும்."

"கட்டடப் பராமரிப்பு மூடிய அமர்வுல பேச வேண்டிய விஷயம். அத மேடையில பேசினா நான் விதிய மீறினவ ஆவேன்."

பின்வரிசையில் எல்மர் எழுந்தார். சூரியகாந்தி பயிரிடுகிறவர், வாய்க்கொழுப்பு ஜாஸ்தி.

"அப்படின்னா என் வீட்டுக் கூரை ஒழுகறதையும் நான் ரகசியமா வச்சுக்கணுமாம்மா?"

சிரித்தார்கள். நான் காத்திருந்தேன்.

"உங்க கூரைய பத்து வருஷமா ஊரே பாத்துக்கிட்டிருக்கு, எல்மர். அதுல ரகசியம் ஒண்ணும் மிச்சம் இல்ல."

இப்போது இன்னும் பலமாகச் சிரித்தார்கள். எல்மரே சிரித்தார். கூட்டம் என் பக்கம் திரும்பியது எனக்குத் தெரிந்தது. திரும்பியதை விடக் கூடாது.

"நோயாளிக்கு நாடி பாத்துக்கிட்டிருந்தவங்க இப்ப கட்டடத்துக்கும் நாடி பாக்கறாங்க. நாளைக்குப் பேருந்துக்குக் காய்ச்சல்னு சொல்வாங்க. நமக்கு வாரியம் வேணுமா, ஆஸ்பத்திரி வேணுமா?"

கைதட்டினார்கள். கோலெட் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலையை லேசாகச் சாய்த்து. அதே பார்வை.

மறுநாள் பிற்பகல் அவள் என் வீட்டுக்கு வந்தாள். இதை நான் முந்தைய இரண்டு வாக்குமூலத்திலும் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவில்லை. அவளும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், எனக்குத் தெரியும்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நான் சண்டைக்கு வரல. அந்த அறைய மூடுங்க, மார்லிஸ். குழந்தைங்கள நூலகத்துல உக்கார வைக்கலாம், இடம் இருக்கு, நான் அளந்து பாத்துட்டேன்."

"நீங்க இன்னும் வாரியத்துல சேரல."

"சேர வேண்டாம். நாளைக்கே பத்திரிகைல சொல்லிடறேன், நான் ஒதுங்கிக்கறேன், மார்லிஸுக்கே ஓட்டு போடுங்கன்னு. பலகை எல்லாத்தையும் புடுங்கிடறேன். ஹீட்டர மாத்தினது நீங்களா பாத்துச் செஞ்சதுன்னே இருக்கட்டும். எனக்கு அது மட்டும்தான் வேணும்."

யோசித்துப் பாருங்கள். எனக்கு வேண்டியதையெல்லாம் கையில் கொண்டுவந்து கொடுக்கிறாள். பதிலுக்கு நான் ஒரு கதவைப் பூட்டினால் போதும்.

நான் மறுத்தேன். ஏன் என்று அப்போதே என்னை நானே கேட்டுக்கொண்டேன். என்னால் சொல்ல முடிகிற காரணம் ஒன்றுதான். அவள் கொடுத்து நான் வாங்கிக்கொள்ள முடியாது. துணி துவைக்கிற அறையில் ஏற்கனவே ஒருமுறை வாங்கியிருந்தேன்.

"வாரியத்துக்கு எழுதிக் குடுங்க, முப்பது நாள்ல பதில் வரும்" என்றேன்.

வாசலில் அவள் ஒருமுறை திரும்பினாள். "ஹார்வி சொல்வாரு, நீங்க பிடிச்சா விட மாட்டீங்கன்னு. நான் அத நல்லதுக்குன்னு நெனச்சேன்."

தீயணைப்புப் படையின் தலைவரிடமும் போயிருக்கிறாள். அவர் என் சித்தப்பா மகன். வாரியத் தலைவர் கூப்பிடட்டும், வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் மேல் தப்பு இல்லை. நான் கூப்பிட்டிருந்தால் பத்து நிமிடத்தில் வந்திருப்பார்.

அதற்கப்புறம்தான் அவள் அந்த அலாரங்களைக் கொடுக்க ஆரம்பித்தாள். விஷப்புகை வந்தால் கத்துகிற சின்ன வெள்ளைப் பெட்டி, உள்ளங்கை அளவு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை என்பதால் பெட்டிதான் சொல்ல வேண்டும். பிரசாரத்துக்குப் போகிற வீடுகளில் வயதானவர்கள் இருந்தால் ஒன்று மாட்டிவிட்டு வருவாள். ஒவ்வொன்றிலும் அவளுடைய மஞ்சள் ஒட்டுத்தாள். வியாழக்கிழமை, அக்டோபர் இருபது, அதில் ஒன்றை ஆண்டன் பெட்டியறைச் சுவரில் கரும்பலகைக்கு மேலே திருகி வைத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

பள்ளி வளாகத்தில் எந்த வேட்பாளரின் விளம்பரமும் இருக்கக் கூடாது என்பது வாரியத்தின் பதினோராவது விதி. பதினான்கு வருடத்துக்கு முன்பு நானே எழுதியது. மஞ்சள் ஒட்டுத்தாள் விளம்பரம். ஒட்டுத்தாள் எதில் ஒட்டியிருக்கிறது என்று விதி பார்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் பயிற்சி நாள், பள்ளி கிடையாது. ஆண்டன் கண் மருத்துவரைப் பார்க்க வின்னிபெக் நகரத்துக்குப் போயிருந்தார். பிற்பகல் நான்கு மணி சுமாருக்கு நான் என் சாவியால் பெட்டியறையைத் திறந்தேன், ஒரு நாற்காலியில் ஏறினேன், அலாரத்தைக் கழற்றினேன், மின்கலத்தை எடுத்தேன். பிறகு அலுவலகத்துக்குப் போய் அகற்றப்பட்ட பொருளுக்கான படிவத்தை மூன்று பிரதியில் நிரப்பினேன். நேரம் நான்கு பத்து என்று எழுதினேன். அலாரத்தை உறையில் போட்டு, தேதி எழுதி, தலைவரின் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். திருடுகிறவர்கள் படிவம் நிரப்புவதில்லை, சார்ஜென்ட்.

சனி, ஞாயிறு வீட்டில் இருந்தேன். ஞாயிறு தேவாலயம். அன்றிரவு குளிர் இறங்கியது.

திங்கட்கிழமை மைனஸ் பதினாலு. ஹீட்டர் காலை ஐந்து மணிக்கே தானாக எரிய ஆரம்பிக்கும்படி வைத்தது. ஒன்பது மணிக்குப் பதின்மூன்று குழந்தைகள் வந்தார்கள். ஆசிரியை பிரிட்டா ஓல்சன், இருபத்தாறு வயது, வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். அவளை நேர்காணல் செய்தது நான். கைவிரல் முழுக்க வண்ண மை இருந்தது, அப்படியே வந்து உட்கார்ந்தாள். எனக்குப் பிடித்துப்போனது.

பத்து மணி சுமாருக்குக் குழந்தைகள் மேசையில் தலை வைத்துத் தூங்க ஆரம்பித்திருக்கிறார்கள். வார விடுமுறைக் களைப்பு என்று நினைத்திருப்பாள். ஒரு பையன் வாந்தி எடுத்த பிறகுதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது. கதவைத் திறந்துபோட்டு, ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கி வெளியே பனியில் கிடத்தியிருக்கிறாள். பதினொரு பேர். எண்ணியிருக்கிறாள். வெளியே கிடந்த பையன் ஒருவன் சொன்னான், டீச்சர் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார்கள், பதினொன்று என்றதும் மறுபடி உள்ளே போனார்கள் என்று. பன்னிரண்டாவது பையனை வாசற்படி வரை இழுத்து வந்திருக்கிறாள். அவன் பிழைத்தான். பதின்மூன்றாவது ஈவி ஸ்டெபாங்கோ, ஆறு வயது, கடைசி வரிசை, ஹீட்டருக்குப் பக்கத்து இருக்கை. அவளையும் பிரிட்டாவையும் சேர்த்துத்தான் கண்டெடுத்தார்கள். பிரிட்டாவின் கை அந்தப் பிள்ளையின் சட்டைக் காலரில் இருந்தது.

நான் பத்தே முக்காலுக்கு அங்கே போய்விட்டேன். பெற்றோர்களுக்குத் தொலைபேசி செய்தவள் நான்தான். மற்றவர்கள் யாராலும் பேச முடியவில்லை. ஈவியின் அம்மாவிடம் நான்கு வாக்கியம் பேசினேன். நான்கும் தெளிவாக இருந்தன.

பிற்பகலில் சுவரில் இரண்டு திருகாணித் துளைகளைப் பார்த்தார்கள். ஆண்டன் எல்லோர் முன்னாலும், "நான் மாட்டினேன், வியாழக்கிழமை மாட்டினேன், சத்தியமா மாட்டினேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படியென்றால் அது எங்கே என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் இருந்தால் தலைவரைத்தானே பார்ப்பார்கள்.

"அது எங்க போச்சுன்னு வச்சவங்களத்தான் கேக்கணும்" என்றேன்.

இதில் ஒரு பொய்கூட இல்லை, நீங்களே சொல்லுங்கள். மிச்சத்தை ஊர் தானாகவே செய்துகொண்டது. கோலெட் புகைப்படத்துக்காக மாட்டிவிட்டுக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள் என்று சாயங்காலத்துக்குள் பேச்சு வந்துவிட்டது. இல்லை, மலிவான சரக்கு, வேலை செய்யாது என்று தெரிந்து அன்று காலையே எடுத்து மறைத்துவிட்டாள் என்று இன்னொரு பேச்சு. செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய மஞ்சள் பலகைகளை யாரோ உடைத்து அவள் வாசலிலேயே குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த வீடுகளில் ஐந்து வீடு, இனி வராதே என்று சொல்லிவிட்டன. தேர்தலைத் தள்ளிவைக்கச் சட்டத்தில் இடமில்லை. புதன்கிழமை நடந்தது. நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தேன்.

அனுமதியில்லாமல் பள்ளிச் சுவரில் கை வைத்ததற்காக ஆண்டனை வேலையிலிருந்து நிறுத்தினோம். தீர்மானத்தை முன்மொழிந்தது நான் இல்லை. வால்டர். ஆண்டன் மன்னிப்புக் கேட்கப் போய் ஸ்டெபாங்கோ வீட்டு வாசலில் காரில் உட்கார்ந்திருந்தாராம், கதவைத் தட்டத் தைரியம் வராமல், இரண்டு மணி நேரம். ஈவியின் அப்பா வெளியே வந்து கார்க் கண்ணாடியை மண்வெட்டியால் அடித்து உடைத்தார். ஆண்டன் அதற்கும் மன்னிப்புக் கேட்டாராம். இப்போது அவர் தங்கை வீட்டில் இருக்கிறார், யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள்.

அவர்களுக்காக நான் வருத்தப்படவில்லை என்று நினைக்காதீர்கள். ஈவியின் பெயரில் ஒரு வாசிப்பு மூலை திறந்தோம். நான்தான் ஏற்பாடு செய்தேன்.

ஏப்ரலில் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த எழுத்தர் பழைய படிவங்களை அடுக்கும்போது அந்த மூன்றாவது பிரதியைப் பார்த்திருக்கிறாள். நேராக உங்களிடம் வந்துவிட்டாள். என்னிடம் கேட்டிருக்கலாம். நீங்கள் அலமாரிச் சாவி கேட்டபோது நான் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த அலாரப் பெட்டிக்கு உள்ளே நடந்ததைப் பதிந்து வைக்கிற நினைவு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. மின்கலத்தை எடுத்தாலும் அழியாதாம். பள்ளி இல்லாத வெள்ளிக்கிழமையும் ஹீட்டர் தானாக எரிந்திருக்கிறது, மூன்று ஐம்பத்தெட்டுக்குப் பெட்டி கத்த ஆரம்பித்தது என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். நான்கு பன்னிரண்டுக்கு மின்கலம் எடுக்கப்பட்டது. படிவத்தில் நான்கு பத்து என்று நான் எழுதியது இரண்டு நிமிடப் பிசகு. கழற்றியபோது அது கத்திக்கொண்டிருந்ததா என்று இரண்டு முறை கேட்டீர்கள். இல்லை என்று இரண்டு முறையும் சொன்னேன். இப்போது சொல்கிறேன், கத்திக்கொண்டுதான் இருந்தது. மைதானத்தில் நடந்து வரும்போதே கேட்டது. அதனால்தான் வேகமாக நடந்தேன்.

ஆனால் அதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதையும் எழுதுங்கள். தேர்தலுக்கு ஐந்து நாள் இருக்கிறது. எதிர் வேட்பாளர் வைத்த பெட்டி, எதிர் வேட்பாளர் சொன்னது போலவே கத்துகிறது. யாராக இருந்தாலும் இதை ஒரு தந்திரம் என்றுதான் நினைப்பார்கள். மெய்யாகவே புகை இருக்கிறது என்று நான் நம்பவில்லை. நம்பியிருந்தால் அந்த அறையைத் திங்கட்கிழமை திறக்க விட்டிருப்பேனா? என் பெயர் போட்ட அறை அது. அந்தக் குழந்தைகள் இந்த ஊரிலேயே படிக்க வேண்டும் என்று தனியாக நின்று போராடியவள் நான்.

நான் நம்பவில்லை. இதை மாற்றி எழுதக் கூடாது.

இன்னொன்று கேட்டீர்கள். சுவரில் இருக்கும் வெப்பமானி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறையின் சூட்டைப் பதிவு செய்கிறது. நான் உள்ளே இருந்த அந்த நேரத்தில் மட்டும் சூடு ஏழு டிகிரி இறங்கி, பிறகு மறுபடி ஏறியிருக்கிறது. கதவைத் திறந்ததால் இருக்குமா என்று நீங்களே எனக்கு ஒரு பதிலை எடுத்துக் கொடுத்தீர்கள். உங்கள் நல்ல மனசு. ஆனால் கதவை நான் வந்ததும் சாத்திவிட்டேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று.

ஜன்னல்தான். மைதானத்துப் பக்கம் இருக்கிற பெரிய ஜன்னல். உள்ளே வந்ததும் எனக்குத் தலை கனத்தது, நெற்றி இரண்டு பக்கமும் இறுக்கியது. சத்தம் வெளியே போகும் என்பதைக்கூடப் பார்க்காமல் முதலில் அதை முழுதாகத் திறந்தேன். அதன் முன்னால் நின்று மூச்சை இழுத்து விட்டேன், தலை தெளிகிற வரைக்கும், ஐந்தாறு நிமிடம். அப்புறம்தான் நாற்காலியில் ஏறினேன்.

போகும்போது மூடித் தாழ்ப்பாள் போட்டேன். திங்கட்கிழமை குழந்தைகள் வரும்போது அறை குளிர்ந்து கிடக்கக் கூடாது அல்லவா.